பக், பந்து, பாயின்ட்: எல்லையோர வாசகர்களின் ஹாக்கி கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தாங்களே கிளப் வைத்து, வட்டாரக் கல்லூரிகளோடு கூட்டுச் சேர்ந்து நடத்தும் ஐஸ் ஹாக்கி லீக் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வெயில் கொளுத்தும் ஊர்களிலிருந்துதான் அதிகக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு சின்ன வேண்டுகோள்: வெறும் ‘சித்தூர்’ என்று எழுதினால் அது பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா என்று எங்களுக்குப் புரிவதில்லை. பின்கோடு போடுங்கள்.

கான்ஃபரன்ஸ், கான்ஃபரன்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அது மாநாடுதானே? விளையாடுகிறவர்களுக்கு எதற்கு மாநாடு?
*கல்லூரி மாணவர், சித்தூர் (பாலக்காடு)*

மேடை, மாலை, மைக் எதுவும் கிடையாது. ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் ஒன்றுகூடி, “இந்த வருஷம் நமக்குள்ளே இத்தனை ஆட்டம், இன்ன விதி, கடைசியில் ஒரு கோப்பை” என்று செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். நம் ஊர் வழக்கில் சொன்னால் வட்டார லீக்.

இதில் இரண்டு தட்டு உண்டு. பல்கலைக்கழகமே செலவு செய்து, சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வைத்து இறக்குவது, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கீழ் வரும் வார்சிட்டி டீம். கிளப் டீமுக்குப் பல்கலைக்கழகம் பெயரைத் தரும், கொஞ்சம் உதவித்தொகை தரலாம். மீதி ஐஸ் வாடகை, பஸ், நடுவர் கூலி, ஜெர்சி எல்லாம் மாணவர்கள் சந்தா போட்டுத் திரட்டுவது. இப்படிப்பட்ட கிளப்களுக்கான தேசிய அமைப்பு ஏ.சி.ஹெச்.ஏ., 1991இல் தொடங்கியது. ஆண்களுக்கு மூன்று டிவிஷன், பெண்களுக்கு இரண்டு. அதன் கீழேதான் வட்டார கான்ஃபரன்ஸ்கள். வட்டாரத்தில் நன்றாக ஆடுகிறவர்கள் மார்ச் வாக்கில் தேசியப் போட்டிக்குப் போகலாம். கோப்பை வென்றவருக்கு நேரடி இடம் தருவதும் உண்டு, தரவரிசை பார்த்துக் கூப்பிடுவதும் உண்டு. டிவிஷனுக்கு டிவிஷன் மாறும்.

நமக்குப் பொருத்தமான உதாரணம் வடக்கே இல்லை, தெற்கே இருக்கிறது. ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அலபாமா மாதிரி ஏரி உறையாத மாநிலங்களிலும் கிளப் ஐஸ் ஹாக்கி உண்டு. ‘காலேஜ் ஹாக்கி சவுத்’ என்று அவர்களுக்கென ஒரு கான்ஃபரன்ஸே இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகம் இருப்பது டஸ்கலூசாவில். அந்த டீம் பல காலமாகச் சொந்த ஊர் ஆட்டம் என்று ஆடியது பர்மிங்ஹாம் பக்கத்துப் பெல்ஹாமில், வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். சொந்த ஊர் ஆட்டத்துக்கே இந்தப் பாடு என்றால் வெளியூர் ஆட்டத்தைச் சொல்ல வேண்டாம். அதனால்தான் வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை ஒன்று என்று ஒரே எதிராளியோடு இரண்டு ஆட்டத்தை முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். கிளப் லீக் எதுவும் கோல் போடத் தெரியாமல் படுப்பதில்லை. பஸ் காசிலும் பெயர்ப் பட்டியலிலும்தான் படுக்கும். கீழே வருகிற கேள்விகளில் பாதிக்கு இதுதான் அடிப்படை.

மகன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறான். இங்கே ரோலர் ஸ்கேட்டிங் தெரியும். கிளப் டீமில் சேர முடியுமா? இங்கிருந்தே சாமான் வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?
*ஒரு தந்தை, கஞ்சிக்கோடு*

முழுநேர மாணவனாக இருந்து, மதிப்பெண் சராசரி 2.0க்குக் கீழே போகாமல் இருந்தால் மேற்படிப்பு மாணவனும் ஆடலாம். தேர்வு ஆட்டம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் நடக்கும். சீசன் பிப்ரவரி வரை. ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே வருகிற பையன்கள் ஐந்தாறு வயதிலிருந்து ஐஸில் நின்றவர்கள். மூன்றாம் டிவிஷனிலும் அப்படித்தான். சக்கரத்தில் நன்றாக ஓடத் தெரிந்தவனுக்கு முன்னே போவதும் திரும்புவதும் சீக்கிரம் வரும். நிற்பது வராது. ஐஸில் பிளேடைக் குறுக்கே திருப்பி, ஐஸைச் சீவிக்கொண்டு நிற்க வேண்டும். சக்கரத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. முதல் வருஷம் வளாகத்துக்குள்ளே நடக்கும் இன்ட்ராமியூரல் ஆட்டத்திலோ, ரிங்கில் (ஐஸ் சறுக்குத் தளத்தில்) பெரியவர்களுக்கு நடத்தும் தொடக்க வகுப்பிலோ சேரச் சொல்லுங்கள். கிளப்பில் சேரும் ஆசை விடாமல் இருந்தால் மேனேஜர் வேலை, ஸ்கோர் எழுதும் வேலை எப்போதும் காலியாக இருக்கும். எந்தக் கிளப்பும் வேண்டாம் என்று சொல்லாது.

சாமான் இங்கே வாங்க வேண்டாம். முக்கியமாக ஸ்கேட்ஸ். ஹாக்கி ஸ்கேட்ஸ் நாம் போடும் ஷூ சைஸை விட ஒன்று, ஒன்றரை சைஸ் சின்னதாக இருக்க வேண்டும். காலில் மாட்டி, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். புதிய ஸ்கேட்ஸ் பெட்டியிலிருந்து சாணை பிடிக்காமலேதான் வரும். அப்படியே ஐஸில் இறங்கினால் வாழைப்பழத் தோலில் கால் வைத்த மாதிரிதான். பிளேடின் அடியில் ஒரு சின்னக் குழிவு விடுவார்கள். அந்தக் குழிவின் ஆரம் அரை அங்குலம் என்பது பொதுவான தொடக்கம். ஆரம் குறைந்தால் பிடி கூடும், ஆனால் சறுக்கல் குறைந்து கால் சீக்கிரம் களைக்கும்.

எங்கள் பக்கம் ஆறு கல்லூரிகள். மூன்று கேரளத்தில், மூன்று கோவைப் பக்கம். எல்லாவற்றிலும் ரோலர் ஸ்கேட்டிங் பையன்கள் இருக்கிறார்கள். ஐஸ் வேண்டாம், சக்கரத்தில் இன்லைன் ஹாக்கி லீக் நடத்தினால் ஃபிக்ஸ்சர் எப்படிப் போடுவது? போன தடவை முயன்றபோது மூன்றாவது வாரமே பிசுபிசுத்துவிட்டது.
*உடற்கல்வி ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை*

முதலில் ஒன்று. உங்கள் பக்கத்துக் கல்லூரி காலிகட் பல்கலைக்கழகம், வாளையாறு தாண்டினால் பாரதியார் அல்லது அண்ணா பல்கலைக்கழகம். அதனால் இதைப் பல்கலைக்கழகப் போட்டி என்று அறிவிக்காதீர்கள். அங்கே ஆடுவது பல்கலைக்கழக டீம், கல்லூரி டீம் அல்ல. கிளப் லீக் என்றே பெயர் வையுங்கள். ஆறு பிரின்சிபாலிடமும் ஒரே வாசகத்தில் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். ஆறு விதமாக எழுதி வாங்கினால் ஏழாவது நாளே குழப்பம்.

ஆறு டீம், ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை என்றால் மொத்தம் 30 ஆட்டம், ஆளுக்கு 10. இதை ஊர் ஊராகத் தனித்தனியாக ஆடப் போனதால்தான் உங்கள் லீக் மூன்றாவது வாரத்தில் படுத்திருக்கும். 30 ஆட்டத்துக்கு 30 வண்டி. அதை விட்டுவிட்டு, வாரக் கடைசியில் ஆறு டீமும் ஒரே ஊரில் கூடட்டும். சனிக்கிழமை மூன்று ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டம், ஒவ்வொரு டீமுக்கும் நாளுக்கு ஒன்று. ஐந்து வாரக் கடைசியில் 30 ஆட்டமும் முடிந்துவிடும். ஆறாவது வாரம் அரையிறுதி, இறுதி. ஆறு வாரம், ஆறு கல்லூரி, ஆளுக்கு ஒரு முறை சொந்த மைதானம். யாருக்கும் மனக்குறை இல்லை.

யார் யாரோடு என்பதற்கு வட்ட முறை. 1ஆம் எண்ணை நகர்த்தாமல் வைத்து, மற்ற ஐந்தையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இடம் தள்ளினால் இப்படி வரும்:

முதல் சுற்று: 1–6, 2–5, 3–4
இரண்டு: 1–5, 6–4, 2–3
மூன்று: 1–4, 5–3, 6–2
நான்கு: 1–3, 4–2, 5–6
ஐந்து: 1–2, 3–6, 4–5

15 ஆட்டம், ஒன்றுகூட இரண்டாம் முறை வராது. ஆறாம் சுற்றிலிருந்து இதையே மறுபடி ஆடுங்கள். எண்ணைக் குலுக்கலில் எடுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எந்த எண் என்பதை நீங்களே எழுதினீர்களோ, இறுதியாட்டம் முடிகிறவரை பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

ஓர் ஆட்டத்துக்கு 75 நிமிஷம் ஒதுக்குங்கள். 10 நிமிஷம் உடல் சூடேற்ற, நிற்காமல் ஓடும் கடிகாரத்தில் இரண்டு பாதி, பாதிக்கு 20 நிமிஷம், நடுவில் 5 நிமிஷம். கடைசி இரண்டு நிமிஷம் மட்டும் விசிலுக்கு விசில் கடிகாரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோல் முன்னிலையில் இருப்பவன் பந்தை வேலிக்கு வெளியே அடித்துக்கொண்டே நேரத்தைக் கரைப்பான். மீதி 20 நிமிஷம் சமன் ஆனால் கூடுதல் நேரத்துக்கும் ஷூட்அவுட்டுக்கும் (ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரோடு தனியே மோதுவது). சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கினால் எட்டே காலுக்கு மூன்றும் முடியும்.

எந்த மாதம் என்பதில்தான் இரண்டு மாநிலமும் முட்டிக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உங்கள் தரையை நனைத்துக்கொண்டிருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு, கோவைக்காரர்களின் தரை நனையும். ஓணம் ஒரு பக்கம், தீபாவளி ஒரு பக்கம். பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை தொடங்கி ஆறு வாரம் என்றால் பிப்ரவரி கடைசியோடு முடியும். அதற்கு மேல் இழுத்தால் வெயிலும் செமஸ்டர் பரீட்சையும் சேர்ந்து அடிக்கும்.

பெயர்ப் பட்டியல் 15 பேர். அடையாள அட்டை, நடப்பு செமஸ்டர் கட்டண ரசீது இரண்டும் நகல். இரண்டாவது வாரக் கடைசியோடு பட்டியலைப் பூட்டிவிட வேண்டும். படிப்பு முடிந்து அரியர் மட்டும் வைத்திருப்பவர் மாணவரா இல்லையா என்று முதல் நாளே எழுதிவையுங்கள். லீக் உடைவது பெரும்பாலும் இந்த ஒரு ஆளால்தான். அரையிறுதியில் தோற்ற டீம்தான் அவரைக் கண்டுபிடிக்கும், ஜெயித்தவரை யாரும் தேடுவதில்லை.

பாயின்ட் எப்படிக் கொடுப்பது? வெற்றிக்கு 2, சமனுக்கு 1 போதாதா?
*மாணவர் செயலாளர், வேலந்தாவளம்*

போதும். ஆனால் சர்வதேச ஐஸ் ஹாக்கியில் உள்ள 3–2–1–0 உங்களுக்கு வசதி. வழக்கமான நேரத்தில் வென்றால் 3. கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ வென்றால் 2, அப்படித் தோற்றால் 1. நேரடியாகத் தோற்றால் 0.

வசதி என்னவென்றால், எப்படி முடிந்தாலும் ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் மூன்று பாயின்ட்தான். ஒரு வாரக் கடைசியில் ஆறு ஆட்டம் என்றால் ஆறு டீமின் அந்த வாரப் பாயின்டையும் கூட்டினால் 18 வர வேண்டும். லீக் முடிவில் 90. 17 வந்தாலோ 19 வந்தாலோ எங்கோ தப்பாக எழுதியிருக்கிறது, ஞாயிறு இரவே பிடித்துவிடலாம்.

சமனில் நின்றால் முதலில் அந்த டீம்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் பாயின்ட், பிறகு அதே ஆட்டங்களின் கோல் வித்தியாசம், அதன் பிறகுதான் மொத்தக் கோல் வித்தியாசம். மூன்று டீம் சமமாக நின்றால் இரண்டிரண்டாகப் பார்க்கக் கூடாது. மூன்றையும் வைத்து ஒரு குட்டி அட்டவணை போடுங்கள். இரண்டிரண்டாகப் பார்த்தால் ஏ பி–யை வென்றது, பி சி–யை வென்றது, சி ஏ–வை வென்றது என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

வராத டீமுக்கு 0–5 தோல்வி. அதே டீம் இரண்டாம் முறையும் வராவிட்டால் அதன் எல்லா ஆட்டத்தையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவது நியாயம். இல்லாவிட்டால் அதோடு ஏற்கெனவே ஆடித் தோற்றவனுக்கு நஷ்டம், இனிமேல் ஆட இருந்தவனுக்கு இலவச லாபம். அப்படி எடுத்தால் 90 என்ற கூட்டல் மாறும், அதையும் அட்டவணையின் அடியில் எழுதிவையுங்கள்.

டி.வி.யில் பார்க்கிறேன். பக்கை எதிர்ப் பக்கம் ஓங்கி அடித்ததும் சில நேரம் விசில், சில நேரம் ஒன்றுமில்லை. நடுவருக்கு மனசு போன போக்கா?
*வாசகர், நகரி*

அது ஐசிங். மைதானத்தின் நடுவே போகிற சிவப்புக் கோட்டுக்குத் தன் பக்கம் நின்றுகொண்டு ஒருவர் அடித்த பக் (பந்துக்குப் பதிலாக ஐஸில் ஓடும் ரப்பர் வட்டு), யார் மீதும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் விசில். பக் திரும்ப, அடித்தவரின் கோல் பக்கத்துக்கே வந்து ஃபேஸ்ஆஃப் (இரண்டு டீம் ஆட்களுக்கு நடுவே நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது). களைத்த ஆட்களை மாற்றிக்கொள்ளவும் பெரும்பாலான விதிப்புத்தகங்கள் விடுவதில்லை, அதுதான் நிஜமான தண்டனை. விசில் வராததற்கு முக்கியமான இரண்டு காரணம்: அடித்தவர் நடுக்கோட்டைத் தாண்டியபின் அடித்திருப்பார், அல்லது பெனால்டியால் அவருடைய டீமில் ஆள் குறைந்திருக்கும். ஆள் குறைந்த டீம் அப்படி அடித்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெனால்டி பற்றியும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். சின்னக் குற்றத்துக்கு 2 நிமிஷம் வெளியே உட்கார வேண்டும், அதற்குள் எதிரணி கோல் போட்டால் ஆள் உடனே திரும்பலாம். பெரிய குற்றத்துக்கு 5 நிமிஷம், எத்தனை கோல் விழுந்தாலும் முழுசாக உட்கார வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரியில் அதற்கு ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள், தடையும் வரும்.

எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் தரிசாகக் கிடக்கிறது. ஷெட் போட்டு ஐஸ் ரிங்க் அமைத்தால் ஓடுமா? எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கரண்ட்?
*வாசகர், வடகரப்பதி*

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்க அளவு ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுமார் 1,580 சதுர மீட்டர். ஐஸ் கனம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 47,000 லிட்டர் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நான்கு. மழை மறைவுப் பகுதியில் நான்கு லாரி சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு முறைச் செலவு.

28 டிகிரி தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 1,500 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 0 டிகிரியிலேயே தண்ணீரைக் கட்டியாக்க இன்னும் 4,300 யூனிட்டுக்கு மேல். குளிர வைப்பதை விட உறைய வைப்பதற்கு மூன்று மடங்கு. பிறகு மைனஸ் 5க்கு இறக்கக் கொஞ்சம். ஆக 6,000 யூனிட். மெஷின் ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை யூனிட் வெப்பம் எடுக்கும் என்றால் 2,400 யூனிட் மின்சாரம். கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் இதுவும் ஒரு முறைதான். ஐஸுக்கு அடியில் இருக்கும் கான்கிரீட்டையும் குளிர வைக்க வேண்டும், அந்தக் கணக்குத் தனி.

ஆளை விழுங்குவது அதற்குப் பிறகு. வெளியே 38, 40 டிகிரி, உள்ளே தரை மைனஸ் 5. கூரைத் தகடு சூட்டை நேராக ஐஸ் மேல் இறக்கும். அதை விட மோசம் காற்றின் ஈரம். குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்க்குமே, அதே போல ஈரம் ஐஸ் மேல் படியும். படிகிற ஒவ்வொரு சொட்டும் தன் வெப்பத்தை ஐஸுக்குக் கொடுத்துவிட்டுத்தான் உறையும். மேலே கூரையிலும் சொட்டு சேர்ந்து கீழே விழும். விழுந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி மேடு மேடாக நிற்கும். நடுவில் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி. பக் தெரியாது. அதனால் நம் சீதோஷ்ணத்தில் ஐஸ் மெஷினுக்கு முன்னால் ஈரம் உறிஞ்சும் மெஷினுக்கும், சாண்ட்விச் பேனல் சுவருக்கும், இரட்டைக் கதவுக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். தகர ஷெட் ஆகாது.

தண்ணீரும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினம். உப்பு இருந்தால் ஐஸ் கலங்கலாகவும் இளகலாகவும் கட்டும், பிளேடு இறங்கிவிடும். சுத்திகரித்த தண்ணீரைக்கூட ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. மில்லிமீட்டர் கணக்கில் தெளித்து, உறைந்தபின் அடுத்த பூச்சு. இடையில் வெள்ளை வண்ணம், கோடுகள், மேலே மறுபடி பூச்சு. ஆட்டத்துக்கு நடுவே ஐஸைச் சீவி வழவழப்பாக்க ஓடும் வண்டியை 1949இல் கலிஃபோர்னியாவின் பாரமவுண்ட்டில் ஃபிராங்க் ஜம்போனி உருவாக்கினார். அது விடுவது பச்சைத் தண்ணீர் அல்ல, 60 டிகிரி வாக்கில் சூடான தண்ணீர். சூட்டுக்குக் கீறலின் ஓரம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றுக் குமிழும் குறைவு.

எங்கள் அபிப்பிராயம்: தென்னை வையுங்கள்.

மூன்றாறில் ஜனவரியில் உறைபனி விழுகிறதே. அதில் ஆட முடியாதா?
*தேயிலைத் தோட்ட வாசகி, மூன்றாறு*

முடியாது. அது புல் மேல் படிகிற பனிப்பூ. வெயில் ஏறினால் போய்விடும். சறுக்க வேண்டுமானால் நின்ற நீர் விரல் கணக்கில் கெட்டியாக வேண்டும், அதற்கு நாள் முழுவதும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இந்தியாவில் அப்படி இருக்கிற இடம் லடாக். லே நகரத்துக் கர்சூ குளம் உறைந்து, அதன் மேலேதான் அங்கே ஹாக்கி வளர்ந்தது. மூன்றாறுக்காரர்கள் அந்த வெள்ளையைப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் கல்லூரியில் சிமென்ட் பாஸ்கெட்பால் கோர்ட் ஒன்றுதான் உண்டு. அதில் இன்லைன் ஹாக்கி ஆட என்ன செய்ய வேண்டும்? சக்கரம் மாதா மாதம் தேய்ந்துபோகிறது, என்ன வகை வாங்குவது?
*மாணவி, கொல்லங்கோடு*

பாஸ்கெட்பால் கோர்ட் 28 மீட்டருக்கு 15 மீட்டர். முறையான இன்லைன் ரிங்க் 40க்கு 20லிருந்து தொடங்கும், அதில் கோல்கீப்பர் தவிர நான்கு பேர். உங்கள் கோர்ட்டில் மூன்று பேர், கோல்கீப்பர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது ஆள் இறங்கினால் நெரிசலில் ஸ்டிக்தான் ஸ்டிக்கோடு பேசும்.

வேலி இல்லாமல் ஹாக்கி இல்லை. பந்து வெளியே ஓடி ஓடி ஆட்டத்தில் பாதி நேரம் போகும். 12 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட், 8க்கு 4 அடி ஷீட். நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 8 அடி நீளம், 2 அடி உயரத்தில் இரண்டு பலகை. சுற்றளவு 86 மீட்டர். நான்கு மூலையையும் சாய்வாக ஒரு பலகை வைத்து வெட்டிவிட்டால் 82 மீட்டர் ஆகும். அதற்கு 34 பலகை, 17 ஷீட். 18 வாங்குங்கள், ஒன்று உடையும். மூலையைக் கட்டாயம் வெட்ட வேண்டும். செங்கோணமாக விட்டால் பந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆறு பேர் சுவரோடு முட்டுவார்கள். பலகைக்குப் பின்னால் நாலடிக்கு ஒரு முக்கோணக் கட்டை, அதன் மேல் மணல் மூட்டை. திருகு முனை உள்பக்கம் நீட்டாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பலகையின் அடிக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது, ஸ்டிக் முனை மாட்டி முறியும்.

பக்கை மறந்துவிடுங்கள். ஐஸ் பக் 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம், 156 முதல் 170 கிராம் எடை. ஐஸ் ஆட்டத்தில் அது துள்ளாமல் இருக்க முன்கூட்டியே உறைய வைத்துத்தான் எடுப்பார்கள். இன்லைன் பக் அதை விட லேசு, அடியில் சின்னச் சின்னக் கால்கள் இருக்கும். பிளாஸ்டிக் டைல் தரையில் அழகாக ஓடும், சொரசொரப்பான சிமென்டில் விளிம்பில் நிமிர்ந்து சக்கரமாக உருண்டுவிடும். உங்களுக்கு ஸ்ட்ரீட் ஹாக்கிப் பந்துதான் சரி. வெயிலுக்கென்று விற்கும் கெட்டி வகையாகப் பாருங்கள். குளிருக்கான மென்மையான பந்து நம் சூட்டில் இளகி, ரப்பர் பந்து மாதிரி துள்ளும்.

சக்கரத்துக்கு வருவோம். மாதா மாதம் தேய்கிறது என்றால் உள்ளரங்கச் சக்கரம் வாங்கியிருக்கிறீர்கள். சக்கரத்தின் பக்கத்தில் ஓர் எண்ணும் ‘ஏ’ என்ற எழுத்தும் இருக்கும், அது கடினத்தன்மை. 74ஏ, 76ஏ, 78ஏ எல்லாம் வழவழத் தரைக்கு. சிமென்டில் அவை பென்சில் ரப்பர் மாதிரி கரையும். 82ஏ அதற்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். பிடி சற்றுக் குறையும், பழகிவிடும்.

இருக்கிற சக்கரத்தின் ஆயுளையும் கூட்டலாம். ஸ்கேட்டைக் கவிழ்த்துக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்க விளிம்பு சாய்வாகத் தேய்ந்து, வெளிப்பக்கம் அப்படியே இருக்கும். ஆலன் கீயால் அச்சைக் கழற்றி, முதல் சக்கரத்தை மூன்றாம் இடத்துக்கும் இரண்டாவதை நான்காம் இடத்துக்கும் மாற்றுங்கள், மூன்றும் நான்கும் முன்னால் வரும். மாட்டும்போது தேய்ந்த பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி திருப்ப வேண்டும். இதை மறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். அச்சை இறுக்கிய பிறகு விரலால் சுண்டிவிட்டால் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம் அல்லது பேரிங்கில் மண். கணவாய்க் காற்று அடிக்கிற ஊர், மண் இல்லாமல் இருக்காது. ஆட்டத்துக்கு முன் கோர்ட்டைப் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் இறங்க வேண்டும். பேரிங் நனைந்துவிட்டால் அன்றிரவே கழற்றித் துடைத்து, உலர்த்தி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்காகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டிக்கின் உயரம்: வெறுங்காலில் நின்றால் மூக்கு, ஸ்கேட்ஸ் போட்டு நின்றால் முகவாய்.

மகள் ஆட வேண்டும் என்கிறாள். பல், மூக்கு, தலை என்று பயமாக இருக்கிறது. கிரிக்கெட் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறது, போதாதா?
*ஒரு தாய், குப்பம்*

போதாது. கிரிக்கெட் ஹெல்மெட்டின் கம்பி இடைவெளி பந்தைக் கணக்கில் வைத்துப் போட்டது, மெல்லிய ஸ்டிக் முனை உள்ளே வரலாம். பின்தலைக்கும் அவ்வளவு பாதுகாப்பு இல்லை. இன்லைனில் பலர் மல்லாந்துதான் விழுவார்கள். சைக்கிள் ஹெல்மெட்டோ ஒரே ஒரு பலமான அடிக்கு. முழு முகக் கம்பி வலை உள்ள ஹாக்கி ஹெல்மெட், பல்லுக்கு மௌத்கார்டு, முழங்கை, முழங்கால், கையுறை. இத்தனையும் இருந்தால்தான் இறக்கி விடுங்கள். இன்லைனில் உடம்பால் மோதி வீழ்த்துவது குற்றம், அந்த அளவில் ஐஸை விடச் சாது. சிமென்டில் அதிகம் அடிபடுவது மணிக்கட்டும் தோலும்.

தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் கூச்சம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. “பரவாயில்லை, ஆடுறேன்” என்று அவளே சொன்னாலும் இல்லை. டாக்டர் பார்த்த பிறகுதான் அடுத்த ஆட்டம்.

ஐஸில் ஆடப் போகிறவர்களுக்குக் கழுத்துக் காப்பு தனியாக வேண்டும். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் பிளேடு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் என்ற வீரர் இறந்தார். அதன் பிறகு சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் பெரியவர்களுக்கும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது.

கோல்கீப்பர் வராவிட்டால்? எங்கள் கோல்கீப்பருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் யாராவது ஒரு மாமாவுக்குக் கல்யாணம்.
*டீம் கேப்டன், செங்கோட்டை*

உங்கள் டீமில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க இந்தத் தொந்தரவு உண்டு. 2020 பிப்ரவரி 22 அன்று வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஆட்டத்திலேயே கரோலினா டீமின் இரண்டு கோல்கீப்பரும் அடிபட்டு உட்கார, அவசரத்துக்கு வைத்திருந்த 42 வயது டேவிட் ஏர்ஸ் இறங்கினார். வந்த 10 ஷாட்டில் எட்டைத் தடுத்தார். டொரன்டோவை 6–3 என்று வென்றார்கள்.

லீக் விதியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வாரக் கடைசிக்கும் போட்டி நடத்தும் கல்லூரி ஒரு பொதுக் கோல்கீப்பரை, கோல்கீப்பர் சாமான் ஒரு செட்டோடு, ஆட்டம் தொடங்கும் முன்பே ஸ்கோர் தாளில் பெயர் எழுதி உட்கார வைக்க வேண்டும். இரண்டு டீமில் யாருக்குத் தேவைப்பட்டாலும் அவர்தான். அந்த ஆட்டத்தில் ஆடும் இரண்டு கல்லூரியையும் சேராதவராக இருக்கட்டும். எதிரணிக் கேப்டன் ஆட்டத்துக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், முடிந்த பிறகு போட மாட்டார். கால் பேட் மட்டும் நடுத்தர அளவில் வாங்கி வையுங்கள். சின்னவனுக்குப் பட்டையை இழுத்துக் கட்டிச் சமாளிக்கலாம், பெரியவனுக்குச் சின்ன பேடைக் கட்டினால் முழங்கால் வெளியே நிற்கும்.